சுத்தியல் விழுந்தும் வெடிக்காத தோட்டா

1932 ஆகஸ்டில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், எட் மெக்கிவர்ன் தம் ரிவால்வரிலிருந்து ஐந்து தோட்டாக்களை 0.45 நொடியில் சுட்டார். 1999இல் ஜெர்ரி மிக்குலெக் ஆறு தோட்டாக்களைச் சுட்டு, காலி உறைகளைத் தள்ளிவிட்டு, வேறு ஆறு நிரப்பி, அவற்றையும் சுட்டு முடிக்க எடுத்துக்கொண்டது 2.99 நொடி. வேகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். சுத்தியல் விழுந்த ஒவ்வொரு முறையும் தோட்டா வெடித்தது என்பதை யாரும் தனியாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய செய்தி அது.

மெக்கிவர்ன் காலத்து இலக்குப் போட்டியில் ரிவால்வர்காரர் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, நிதானமாகக் குறிபார்த்துச் சுட்டார். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் கையைத் தூக்கி நடுவரை அழைக்கலாம். விதிப்படி அந்தச் சுற்றைத் திரும்பச் சுட வாய்ப்பும் கிடைக்கும். இன்றைய வேகப் போட்டியில் கடிகாரம் யாருக்காகவும் நிற்பதில்லை. சுத்தியலின் கொம்பையே அறுத்து எறிந்துவிடுகிறார்கள். எல்லாக் குண்டும் ட்ரிகரை முழுதாக இழுத்தே சுடப்படுகிறது. வெடிக்காத தோட்டாவுக்கு ஒரே பரிகாரம் மறுபடி இழுப்பது. உருளை சுழன்று அடுத்த அறை வந்து நிற்கும், போன நேரம் போனதுதான்.

குற்றம் எங்கே இருந்தது என்பதும் மாறிவிட்டது. தோட்டா உறையின் அடியில் பதிந்திருக்கும் ப்ரைமர், தீபாவளிக் கேப் துப்பாக்கியின் கரும்பொட்டு மாதிரி, அடிபட்டால் பற்றிக்கொள்ளும் ஒரு துளி மருந்து. பழைய பாதரச ப்ரைமர்கள் வெப்பத்தில் நாள்பட வீரியம் இழந்தன. குளோரேட் கலந்தவை குழலைத் துருப்பிடிக்க வைத்தன. 1920களின் இறுதியில் துருப்பிடிக்க வைக்காத ப்ரைமர் அமெரிக்கக் கடைகளுக்கு வரத் தொடங்கியது. பின்னர் அது மேலும் மேலும் நம்பகமாயிற்று. ஆகவே முன்பு தோட்டா வெடிக்கவில்லை என்றால் சந்தேகம் முதலில் மருந்தின் மேல் விழுந்தது. துப்பாக்கியைக் குறை சொல்ல அதிக இடமில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த ரிவால்வரின் ட்ரிகரை முழுதாக இழுக்க ஏறக்குறைய 12 பவுண்டு விசை வேண்டும். அந்த ஸ்பிரிங் எந்த ப்ரைமரையும் ஓங்கி அடித்தது.

வீட்டில் தோட்டா செய்தவர்களின் கதை வேறு. 1960களில் பரவிய லீ லோடர் பெட்டியில் ஒரு சிறு குழலும் சில கருவிகளும்தான் இருந்தன. ப்ரைமரைக் குழியில் இறக்க ஒரு சிறிய சுத்தியால் தட்ட வேண்டும். சில நேரம் ப்ரைமர் அங்கேயே படாரென்று வெடித்துத் தட்டியவரைப் பதறவைக்கும். பிறகு வந்த கைப்பிடிக் கருவியில் ப்ரைமர் குழியின் தரையைத் தொடுவது விரலுக்கே தெரிந்தது. ஒவ்வொரு வேலையாக முடிக்கும் அச்சில் மணிக்கு ஐம்பது, நூறு தோட்டா தேறினால் அதிகம். இன்று பல நிலைகள் கொண்ட அச்சு, நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டாவைத் தட்டில் போடுகிறது. மணிக்கு ஐந்நூறு சாதாரணம். நெம்புகோலின் அதே அசைவில் ப்ரைமரும் இறங்குவதால் விரலின் சாட்சி இல்லாமல் போயிற்று.

அதன் விலை இதுதான். ப்ரைமர் முழுதாக இறங்காமல் மயிரிழை மேலே நின்றால், சுத்தியலின் அடி அதைப் பற்றவைக்காமல் உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிறது. அதே தோட்டா இரண்டாம் அடியில் வெடிக்கும். அனுபவசாலிகள் முதலில் தேடும் தடயம் இது. இரண்டாம் முறை வெடித்தால் ப்ரைமர் சரியாக உட்காரவில்லை என்று கொள்ளலாம். ப்ரைமரைக் குத்தும் ஊசியின் தடம் ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லையா, ப்ரைமரே கெட்டது, எண்ணெய் பட்டிருக்கலாம். தடம் ஆழமில்லாமல் இருந்தால் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும்: பலவீனமான ஸ்பிரிங், குட்டையான ஊசி, முன்பின் ஆடும் உருளை, ஆறு தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் மூன் கிளிப்பில் ஒரு வளைவு.

இவற்றுள் இன்று முதலில் நிற்பது ஸ்பிரிங்தான், அதுவும் உரிமையாளரே விரும்பி வலுக் குறைத்த ஸ்பிரிங். 12 பவுண்டு இழுப்பை 6 பவுண்டாக்கினால் விரல் பறக்கும், குறி ஆடாது. சுத்தியலின் அடியும் மென்மையாகும். அதனால் எளிதில் பற்றும் ஃபெடரல் கம்பெனியின் ப்ரைமரையே நாடினார்கள். அதற்கேற்பவே துப்பாக்கியைச் சீர்செய்தார்கள். 2020இல் அமெரிக்கா முழுவதும் ப்ரைமர் தட்டுப்பாடு வந்தது. ஆயிரம் ப்ரைமர் சுமார் 30 டாலருக்குக் கிடைத்த காலம் போய், சிலர் 100 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். கிடைத்த கம்பெனியின் ப்ரைமரைப் போட்டுப் பார்த்தபோது, சீர்செய்த விலையுயர்ந்த ரிவால்வர்கள் டிக் என்று ஒலித்து நின்றன. ஒருவரும் கை வைக்காத பழைய ஆறு தோட்டாத் துப்பாக்கியோ எதைக் கொடுத்தாலும் சுட்டது. கிடைத்ததைத் தின்று செரிக்கும் அந்தக் குணத்தைத்தான், யாரும் கேட்காமலே, வேகத்துக்கு விலையாகக் கொடுத்திருந்தார்கள்.

வேகம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை, மிக்குலெக்கின் 2.99 நொடியைப் பார்த்தவர் எவரும் சொல்லமாட்டார். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஸ்மித் அண்டு வெஸன் கம்பெனியின் பல ரிவால்வர்களில் பிடியின் முன்புறம் தகட்டு ஸ்பிரிங்கை அழுத்தி நிற்கும் ஒரு சிறு திருகு உண்டு. ட்ரிகர் இலகுவாக வேண்டும் என்று பலர் அதைத்தான் அரைச்சுற்று தளர்த்துகிறார்கள். அது வேண்டாம். திருகை முழுக்க இறுக்கிவிட்டு ஸ்பிரிங்கையே மாற்றுங்கள். தளர்த்திய திருகு ஒவ்வொரு சுடுதலின் அதிர்விலும் இன்னும் கொஞ்சம் தளர்ந்துகொண்டே போகும்.