உறங்கிய மடிக்கணினி விழிக்க மறுத்தால்...

மடிக்கணினியை முறைப்படி அணைத்துவிட்டு எழுந்திருப்பவர்கள் இன்று குறைவு. வேலை முடிந்ததும் மூடியைச் சாத்துகிறோம். மறுபடி திறக்கும்போது விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறோம். வீட்டிலிருந்தே அலுவலகப் பணியும் வங்கிப் பணியும் நடைபெறும் பெங்களூரு போன்ற நகரில் இது அன்றாடப் பழக்கம். ஆனால் ஒரு நாள் மூடியைத் திறந்தால் திரை இருண்டே கிடக்கிறது. விசைகளைத் தட்டினாலும் அசைவில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ வாடகைப் பணமோ அனுப்பிக்கொண்டிருந்த நேரமாக இருந்தால் பதற்றம் இரட்டிப்பாகிறது.

இத்தகைய வேளைகளில் வாடிக்கையாளர்கள் வங்கிக் கிளையில் கேட்கும் கேள்விகள் இரண்டு. பணம் போய்விட்டதா, இல்லையா? கணினியை யாரிடம் நம்பிக் கொடுப்பது? இவற்றுக்கு விடை காணுமுன், கணினி ஏன் விழிக்கவில்லை என்பதைச் சிறிது அறிந்துகொள்வது நலம். காரணம் தெரிந்தால் பதற்றம் பாதியாகக் குறையும். பதற்றத்தில் செய்யும் பிழைகளும் குறையும்.

உறக்கம் வேறு, அணைப்பு வேறு

ஒரு வங்கிக் கிளையை எண்ணிப் பாருங்கள். எழுத்தரின் மேசைமீது விரித்து வைக்கப்பட்ட பேரேடுகளைப் போன்றது கணினியின் நினைவகம். பாதுகாப்பு அறையைப் போன்றது அதன் சேமிப்பகம். கணினியை முழுமையாக அணைப்பது, பேரேடுகளை எல்லாம் மூடி அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீடு திரும்புவதற்கு ஒப்பாகும். உறக்க நிலையிலோ பேரேடுகள் மேசைமீது விரிந்தபடியே இருக்கின்றன. விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு காவலரை மட்டும் நிறுத்திச் செல்கிறோம். அந்தக் காவலர்தான் நினைவகத்துக்குத் தொடர்ந்து செல்லும் சிறிதளவு மின்சாரம். அதுவும் தீர்ந்துவிட்டால், சேமிக்காமல் விட்ட பணி அனைத்தும் மறைந்துவிடும். ‘ஹைபர்னேட்’ எனப்படும் மூன்றாவது நிலையில், மேசைமீது உள்ளவற்றின் படி ஒன்று சேமிப்பகத்தில் எழுதப்பட்டபின் மின்சாரம் முற்றிலும் நிறுத்தப்படுகிறது. விழிப்பதற்குச் சற்று நேரம் ஆகும். ஆனால் பேட்டரி தீர்ந்தாலும் இழப்பு இல்லை.

இந்நிலைகளை வரையறுக்கும் பொது விதிமுறையை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996-ஆம் ஆண்டு வெளியிட்டன. அண்மைக்கால மடிக்கணினிகள் பலவற்றில் பழைய உறக்கத்துக்குப் பதிலாக ‘மாடர்ன் ஸ்டாண்ட்பை’ என்னும் முறை உள்ளது. கைப்பேசியைப் போல இவை அரைத் தூக்கத்தில் இருந்தபடியே மின்னஞ்சலைப் பெற்றுக்கொள்ளும். திறந்த நொடியில் விழிக்கும். ஆனால் மூடிய பைக்குள்ளும் அவ்வப்போது விழித்துச் சூடேறவும், பேட்டரியைக் கரைக்கவும் வாய்ப்புண்டு. மாலை நெரிசலில் வெளிவட்டச் சாலையைக் கடந்து வீடு வந்து பையைத் திறக்கும்போது கணினி சூடாகவும் பேட்டரி வெறுமையாகவும் இருந்தால், இதுவே காரணமாக இருக்கலாம்.

கணினி விழிப்பது ஒரே செயல் அன்று. பல செயல்களின் தொடர். முதலில் தாய்ப்பலகையில் உள்ள அடிப்படை மென்பொருள் எழுகிறது. அதன்பின் விண்டோஸ் போன்ற இயங்குதளம் எழுகிறது. தொடர்ந்து திரை, வைஃபை, விசைப்பலகை ஆகிய ஒவ்வொன்றையும் இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள்கள் எழ வேண்டும். இவற்றுள் ஒன்று பதில் தராவிட்டாலும் விழிப்பு தடைப்படும். ஆகவே இருண்ட திரைக்கு மூன்று பொருள்கள் இருக்கலாம்: மின்சாரம் இல்லை, கணினி விழித்தும் திரை மட்டும் எழவில்லை, அல்லது கணினியே உறைந்து நிற்கிறது.

எந்த வரிசையில் முயல்வது?

சேமிக்காத பணி நினைவகத்தில் உயிரோடு இருக்கக்கூடும். எனவே, இழப்பில்லாத வழிகளை முதலிலும் இழப்புள்ள வழியை இறுதியிலும் கையாள வேண்டும்.

1. சார்ஜரை இணையுங்கள். மின்விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பேட்டரி முற்றிலும் தீர்ந்திருந்தால் அரை மணி நேரம் பொறுத்திருந்து பின்னர் முயலுங்கள். விளக்கே எரியாவிடில் வேறொரு மின்செருகியில் பொருத்திப் பாருங்கள்.

2. மின்பொத்தானை ஒருமுறை மெல்ல அழுத்தி விடுங்கள். அழுத்திப் பிடித்திருக்க வேண்டா. சில கணினிகள் விசையைத் தட்டினால் விழிக்கா. பொத்தானுக்கு மட்டுமே விழிக்கும்.

3. மூடி மூடியிருப்பதை அறிய, பெரும்பாலான கணினிகளில் காந்த உணரி ஒன்று உள்ளது. காந்தப் பூட்டுள்ள கைப்பேசி உறையோ காந்த வளையமுள்ள கைக்கடிகாரப் பட்டையோ அதன் அருகில் இருந்தால், திறந்திருக்கும் கணினியும் தான் மூடப்பட்டிருப்பதாகக் கருதி உறங்கும். அவற்றை அகற்றிப் பாருங்கள்.

4. விளக்கு எரிந்து, விசிறி ஓசையும் கேட்டால், திரை மட்டும் எழாமல் இருக்கலாம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். திரையை இயக்கும் மென்பொருள் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் பணிகளுக்குப் பாதிப்பில்லை. வெளித்திரையோ தொலைக்காட்சியோ இணைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

5. இவை எதற்கும் பலனில்லையெனில், மின்பொத்தானைப் பத்து முதல் பதினைந்து வினாடிகள் அழுத்திப் பிடித்துக் கட்டாயமாக அணைக்க வேண்டும். சேமிக்காத பணி இத்துடன் போய்விடும். பின்னர் சார்ஜர், பென்டிரைவ், மவுஸ் அனைத்தையும் கழற்றிவிட்டு, பொத்தானை மேலும் முப்பது வினாடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே எஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் இணைத்து இயக்குங்கள். பெரும்பாலும் கணினி எழுந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. தொடுபலகை மேலெழும்பியிருந்தாலோ, அடிப்பாகம் புடைத்திருந்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அதை அழுத்துவதும் சார்ஜ் செய்வதும் தீ விபத்துக்கு இடமளிக்கும். உடனே பயன்பாட்டை நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

பாதியில் நின்ற பணப்பரிமாற்றம்

நம் முன்னுள்ள திரை ஒரு சாளரம் மட்டுமே. கணக்கு நடைபெறுவது வங்கியின் கணினியில். கடவுஎண் எனப்படும் ஓடிபியை இட்டு உறுதிசெய்வதற்கு முன் கணினி உறங்கியிருந்தால், பணம் நகர்ந்திருக்காது. உறுதிசெய்த பிறகு திரை இருண்டிருந்தால், கட்டளை வங்கியை அடைந்து நிறைவேறியிருக்க வாய்ப்பு மிகுதி. ஆகவே கணினி எழுந்ததும் அதே தொகையை மீண்டும் அனுப்ப முற்படுவது தவறு. குறுஞ்செய்தி, கைப்பேசிச் செயலி, ஏடிஎம்மில் கிடைக்கும் சிறு அறிக்கை ஆகியவற்றுள் ஒன்றில் கணக்கைச் சரிபார்த்த பின்னரே அடுத்த அடியை வையுங்கள்.

கணக்கில் பற்று வைக்கப்பட்டும் பெறுநருக்குப் பணம் சேரவில்லையெனில் அதற்கும் விதிமுறை உண்டு. நெஃப்ட் முறை 2019 டிசம்பர் 16 முதல் நாள் முழுவதும் அரை மணிக்கு ஒரு தொகுப்பாக இயங்குகிறது. பெறுநர் கணக்கில் வரவு வைக்க இயலாவிடில், தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் பெறும் வங்கி பணத்தைத் திருப்ப வேண்டும். ஐஎம்பிஎஸ், யுபிஐ வழியே ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்கு அனுப்பிய பணம் சேராவிடில், பரிமாற்ற நாளுக்கு அடுத்த நாளுக்குள் அது தானாகவே திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20-ஆம் நாளைய சுற்றறிக்கை இதை வகுத்துள்ளது. பரிமாற்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு கிளையை அணுகினால் போதும்.

தேடலில் கிடைக்கும் தொலைபேசி எண்

உண்மையான ஆபத்து பெரும்பாலும் கணினியில் இல்லை. அதைச் சரிசெய்யும் அவசரத்தில் இருக்கிறது. கணினி இருண்டதும் கைப்பேசியை எடுத்து, நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடுகிறோம். முதலில் தென்படும் எண் மோசடியாளர் இட்டதாக இருக்கலாம். எதிர்முனையில் பேசுபவர் பணிவாகவே பேசுவார். கணினி இயங்காத நிலையில், “கைப்பேசியில் இந்தச் செயலியை நிறுவுங்கள், வழிகாட்டுகிறேன்” என்பார். அது திரையைப் பகிரும் செயலி. வங்கிச் செயலியும் ஓடிபியும் அதே கைப்பேசியில்தான் உள்ளன என்பதை நாம் அந்த நேரத்தில் மறந்துவிடுகிறோம். தேடுபொறியில் இடப்படும் போலி எண்கள் குறித்தும், திரைப்பகிர்வுச் செயலிகள் குறித்தும் ரிசர்வ் வங்கி 2022 மார்ச் மாதம் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடு எச்சரித்துள்ளது.

சேவை எண்ணைக் கணினியின் அடிப்பாகத்தில் உள்ள ஒட்டுத்தாளிலிருந்தோ, விலைச்சீட்டிலிருந்தோ, உத்தரவாத அட்டையிலிருந்தோ எடுங்கள். பணம் பறிபோனதை அறிந்தால் உடனே வங்கிக்குத் தெரிவித்து, தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6-ஆம் நாளைய சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சாரும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியைச் சாரும். எனவே ஒவ்வொரு நிமிடமும் பணமதிப்புடையது.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது

பெங்களூருவில் கணினிப் பழுதுக்கு எஸ்.பி. ரோடு எனப்படும் சாதர் பத்ரப்பா சாலையை நாடுவோர் பலர். உதிரிபாகங்களும் கைதேர்ந்த பணியாளர்களும் அங்கு நிறைந்துள்ளனர். எந்தக் கடையில் கொடுத்தாலும் சில ஏற்பாடுகள் தேவை.

கணினி இயங்கும் நிலையில் இருந்தால், கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, உலாவியில் சேமித்துள்ள கடவுச்சொற்களை நீக்கிவிடுங்கள். பழுதுபார்ப்பவருக்குத் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். உங்கள் கடவுச்சொல்லைத் தர வேண்டியதில்லை. இயங்காத நிலையில் இருந்தால், மின்னஞ்சல், இணைய வங்கி ஆகியவற்றின் கடவுச்சொற்களைக் கைப்பேசியிலிருந்து மாற்றிவிட்டுக் கொடுங்கள். கணினியின் வரிசை எண்ணுடன் ரசீது பெறுங்கள். சேவைக்கு ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. சேமிப்பகம் மாற்றப்பட்டால் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தரவுகள் அதில்தான் உள்ளன.

பலர் அறியாத ஒன்று மறையாக்கத் திறவுகோல். புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் ‘பிட்லாக்கர்’ முறையால் பூட்டப்பட்டிருக்கிறது. தாய்ப்பலகையை மாற்றிய பின் கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையேல் உங்கள் கோப்புகளை எவராலும் திறக்க இயலாது. பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கணினி நலமாக இருக்கும்போதே அதைத் தாளில் எழுதி, வைப்புநிதிச் சான்றுகளுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.

மீண்டும் நேராதிருக்க

திரைக்கான டிரைவர் மென்பொருளையும், உற்பத்தியாளர் தரும் அடிப்படை மென்பொருள் மேம்பாட்டையும் நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெறுங்கள். அடிப்படை மென்பொருளைப் புதுப்பிக்கும்போது பேட்டரியில் போதிய இருப்பும் சார்ஜர் இணைப்பும் இருக்க வேண்டும்; நடுவில் மின்சாரம் நின்றால் தாய்ப்பலகையே செயலிழக்கலாம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்துவிட்டதால், அதைப் பயன்படுத்துவோர் மாற்று ஏற்பாட்டைச் சிந்திக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும் கணினிகளில், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இயங்குதளத்தின் மையப்பகுதி சேமித்து வைக்கப்பட்டு மறுமுறை அப்படியே எழுப்பப்படுகிறது. பழைய சிக்கல்களும் அதனுடன் எழுகின்றன. ‘ரீஸ்டார்ட்’ மட்டுமே அனைத்தையும் புதிதாகத் தொடங்கும். நெடுநேரம் பையில் வைப்பதாயின் உறக்கத்துக்கு மாற்றாக ‘ஹைபர்னேட்’ தேர்ந்தெடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வங்கிப் பணி முடிந்ததும் வெளியேறும் பொத்தானை அழுத்தி, கோப்புகளைச் சேமித்த பிறகே மூடியைச் சாத்துங்கள். மாலையில் கணக்கை நேர்செய்யாமல் எந்தக் காசாளரும் இருக்கையை விட்டு எழுவதில்லை. அதே ஒழுங்கை வீட்டில் கடைப்பிடித்தால், மடிக்கணினி ஒரு நாள் விழிக்க மறுத்தாலும் நம் பணத்துக்கும் தரவுகளுக்கும் கேடு நேராது.