இன்ஜின் பழுதும் வாரண்டியும்: ஜாப் கார்டில் கவனம் தேவை

அரிசி மூட்டையில் அரைக் கிலோ குறைந்தாலும் நம் வணிகர்கள் விடுவதில்லை. எடை போட்டுப் பார்த்து, பில்லின் பின்புறம் குறித்து வைத்து, அன்றே மில்லுக்குப் போன் செய்து, அடுத்த கணக்கில் கழித்துக் கொள்கிறோம். ஆனால் பல லட்சம் ரூபாய் போட்டு வாங்கிய லோடு வண்டி, ஒரே பழுதுக்காக மூன்று முறை ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றாலும், "சரி பண்ணியாச்சு அண்ணாச்சி" என்ற ஒரு சொல்லை நம்பிச் சாவியை வாங்கிக் கொண்டு வந்து விடுகிறோம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானே அப்படிக் கையைச் சுட்டுக் கொண்டவன்தான்.

2022-ல் கடைக்காக ஒரு சிறிய டீசல் லோடு வண்டி வாங்கினேன். ஐந்தாவது மாதம் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. மேட்டில் இரண்டாவது கியரிலேயே முனகியது. டீலரின் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனர் மாட்டிப் பார்த்து மாலையில் கொடுத்து விட்டார்கள். விளக்கு அணைந்திருந்தது. ஒன்பதாம் நாள் மறுபடியும் எரிந்தது. இப்படி மூன்று முறை. நான்காம் முறை போனபோது, "புகை பில்டர் அடைத்து விட்டது. நீங்கள் வண்டியை ஓட்டும் விதத்தால் வந்தது. வாரண்டியில் வராது" என்று சொல்லி ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார்கள். பழைய ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் "பொதுப் பரிசோதனை" என்று மட்டுமே எழுதி, கீழே நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். விளக்கு எரிந்தது, வண்டி இழுக்காதது பற்றி ஒரு வரி கூட இல்லை. காகிதத்தின்படி என் வண்டிக்கு அதுவரை எந்தப் பழுதும் வந்ததே இல்லை!

அந்த மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது என்பதை வணிகர்கள் தெரிந்து கொள்வது நல்லது. இன்றைய வண்டிகளில் இன்ஜினைக் கண்காணிக்க ஒரு சிறு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஏதாவது ஒரு அளவு முறை தவறினால் அது ஒரு எண்ணைப் பதிந்து கொண்டு விளக்கை எரிய விடும். பி 0087 என்றால் டீசல் போதிய அழுத்தத்தில் இன்ஜினுக்கு வரவில்லை. பி 0299 என்றால் டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் குறைவு. பி 2463 என்றால் புகை பில்டரில் கரி மிதமிஞ்சிச் சேர்ந்து விட்டது. பெட்ரோல், கேஸ் வண்டிகளில் அடிக்கடி வருவது பி 0300 வரிசை. சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை என்று பொருள். பழுது வந்த நேரத்தில் வண்டியின் வேகம், இன்ஜினின் சூடு ஆகியவற்றையும் கம்ப்யூட்டர் சேர்த்தே பதிந்து வைக்கிறது.

இந்த எண்ணைக் காய்ச்சலுக்கு ஒப்பிடலாம். காய்ச்சல் இருக்கிறது என்று தெரியும். எதனால் வந்தது என்று தெரியாது. பில்டரில் கரி சேர்ந்ததற்கு நம் ஓட்டமும் காரணமாக இருக்கலாம், இன்ஜெக்டர் கசிவும் காரணமாக இருக்கலாம், அழுத்தத்தை அளக்கும் சென்சார் தப்பான கணக்குக் கொடுப்பதும் காரணமாக இருக்கலாம். ஸ்கேனரில் ஒரு பொத்தானை அமுக்கினால் எண் அழிந்து விளக்கும் அணைந்து விடும். அது பழுது பார்த்ததாகாது. காரணம் அப்படியே இருப்பதால் சில நாளில் விளக்கு திரும்ப வரும். அழித்தவுடன், பழுது வந்த நேரத்து விவரமும் சேர்ந்து போய் விடுகிறது என்பதுதான் இதில் நமக்கு நஷ்டம். ஆகவே, அழிப்பதற்கு முன்பு எண்ணை ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். ஸ்கேனர் திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக் கொண்டாலும் போதும்.

புகை பில்டர் விஷயம் மளிகைக் கடைக்காரர்களை நேரடியாகத் தொடுவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாட்டில் பி.எஸ். 6 விதி நடைமுறையில் உள்ளது. அதன்படி வரும் டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் புகைக் குழாயில் ஒரு பில்டர் இருக்கிறது. அது கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும், இன்ஜின் தானாகவே கூடுதல் டீசலைச் செலுத்தி, சூட்டை 600 டிகிரி அளவுக்கு ஏற்றி அந்தக் கரியை எரித்து விடும். இதற்கு வண்டி சீரான வேகத்தில் பத்து இருபது நிமிடமாவது தொடர்ந்து ஓட வேண்டும். நம் வண்டியோ மார்க்கெட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடைக்கு என்று ஓடுகிறது. எரியத் தொடங்கும் நேரத்தில் சாவியை அணைத்து விடுகிறோம். கரி பாதியில் நிற்கிறது. எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் இறங்கிக் கலக்கிறது. டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் யாரும் மகிழ வேண்டாம்; அது நல்ல அறிகுறி அல்ல.

ஆக, டீலர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. வாரம் இரண்டு முறை புறவழிச் சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்ட வேண்டும் என்று வண்டி விற்கும்போதே அவர்கள் சொல்லியிருந்தால் அந்தப் பாதியும் நேர்ந்திராது. முழுக்கவே நகருக்குள் ஓட்டம் உள்ளவர்கள் டீசலுக்குப் பதிலாக கேஸ் அல்லது மின்சார வண்டியை யோசிக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

மீதிப் பாதிதான் என் வழக்கு. பழக்கமான எலெக்ட்ரீஷியன் ஒருவர் வெளி ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, அழுத்த சென்சாரின் எண்ணும் சேர்ந்து வருகிறது என்றார். (ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பதால் வாரண்டி போகாது. வெளி மெக்கானிக்கிடம் இன்ஜினைத் திறக்க விட்டாலும், ஹாரன், பாட்டுப் பெட்டிக்காக ஒயரை அறுத்து ஒட்டினாலும்தான் சிக்கல்.) நான் டீலருக்கு ஒரு பிரதி, வண்டி தயாரித்த கம்பெனிக்கு ஒரு பிரதி என்று பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனையாவது முறை என்பதை நான்கே வரியில் பட்டியலிட்டேன். பத்து நாளில் கம்பெனி இன்ஜினீயர் வந்தார். சென்சாருக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தது. குழாயையும் சென்சாரையும் மாற்றி, பில்டரையும் சுத்தம் செய்து கொடுத்தார்கள். பணம் கேட்கவில்லை. அதன் பிறகு அந்த விளக்கு எரியவில்லை.

ஆனால் இடையில் மூன்று வாரம் வாடகை வண்டி வைத்துச் சரக்கு எடுத்தேன். அந்தத் தொகையைக் கேட்டபோது, "முதல் மூன்று வருகையிலும் இந்தப் புகாரே இல்லையே" என்று என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார்கள். பதில் சொல்ல முடியவில்லை.

டீலர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வாரண்டி என்பது கம்பெனி கொடுக்கும் வாக்கு. வேலை செய்வது டீலர். செய்த வேலைக்கும் மாற்றிய பாகத்துக்கும் டீலர் கம்பெனியிடம் பணம் கேட்க வேண்டும். ஆதாரம் சரியாக இல்லை என்று கம்பெனி தள்ளி விட்டால் நஷ்டம் டீலருக்கு. ஆகவே சந்தேகமான கேஸில் கை வைக்கத் தயங்குகிறார்கள். நாம் கொடுக்கும் தெளிவான புகார் அவர்களுக்கும் உதவி செய்கிறது. "வண்டி சரியில்லை" என்று சொல்லக் கூடாது. "காலையில் நன்றாக இருக்கிறது, இன்ஜின் சூடேறி, எட்டு மூட்டை ஏற்றிப் பாலம் ஏறும்போது இழுவை குறைகிறது" என்று சொல்ல வேண்டும். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து அதே லோடோடு அதே பாலத்தில் ஏற்றிக் காட்டினால் இன்னும் நல்லது. இரண்டாம் முறை போனால் "முன்பு வந்த அதே புகார்" என்று பழைய ஜாப் கார்டு நம்பரோடு எழுத வைக்க வேண்டும். வண்டியை விட்ட தேதி, எடுத்த தேதி இரண்டும் அதில் இருக்க வேண்டும். டிரைவரை அனுப்பினால் ஒரு துண்டுச் சீட்டில் புகாரை எழுதிக் கொடுத்து, அதையே ஜாப் கார்டில் ஏற்றிய பின் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். என் வீட்டில் நடந்தது போல் வெற்றுக் கட்டத்தில் போட வேண்டாம்.

வாரண்டியை மறுக்க வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களுக்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். சர்வீஸ் தவறியது என்பார்கள். ஆகவே கிலோமீட்டர், மாதம் இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் சர்வீஸ் செய்து பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கலப்பட டீசல் என்பார்கள். ஒரே பங்கில் போட்டு ரசீது வைத்திருப்பது பலன் தரும். ஓவர் லோடு என்பார்கள். எடைமேடைச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். (உண்மையிலேயே ஓவர் லோடு ஏற்றுகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.) பில்டர், கிளட்ச், பிரேக் கட்டை, பெல்ட் போன்ற தேயும் சாமான்களுக்கு வாரண்டி பெரும்பாலும் கிடையாது, அல்லது குறைந்த காலமே உண்டு. வாரண்டியில் மாற்றிய பாகத்துக்குப் பொதுவாகப் புதிதாக வாரண்டி தொடங்காது. வண்டிக்கு மிச்சமிருக்கும் காலம்தான்.

மழைத் தண்ணீர் இன்ஜினுக்குள் போனால் அது வாரண்டி விஷயமே அல்ல, இன்ஷூரன்ஸ் விஷயம். அதிலும் இன்ஜினுக்கான கூடுதல் பாதுகாப்பு சேர்த்து எடுத்திருக்கிறோமா என்று பாலிசியைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் நின்று போன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பேசிப் பார்த்தும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? இங்கேதான் வணிகருக்கென்று ஒரு முடிச்சு இருக்கிறது. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. பழைய 1986 சட்டத்தைப் போலவே இதிலும், வியாபார நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழில் செய்து தம் ஜீவனத்துக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு. இதன் எல்லையை விளக்கிய முக்கியத் தீர்ப்பு 1995-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்தது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் மெஷின் வாங்கிய லட்சுமி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கு அது. வாங்கியவர் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோவோ லாரியோ வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்றும், உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக் கொள்வதால் மட்டும் அந்த உரிமை போய் விடாது என்றும் கோர்ட் சொன்னது.

ஆகவே ஒரு கடை, ஒரு வண்டி, தானும் மகனுமாக ஓட்டும் சிறு வணிகருக்கு வழி இருக்கிறது. நாலு வண்டியும் நாலு டிரைவரும் வைத்திருக்கும் மொத்த வியாபாரிக்கு அது கடினம். வாரண்டிக் காலத்துக்குள் வந்த பழுதுக்காக, வியாபாரத்துக்கு வாங்கியவரையும் நுகர்வோராக ஏற்றுத் தேசிய ஆணையம் தந்த தீர்ப்புகள் உண்டு என்றாலும், அதை மட்டும் நம்பி இறங்காமல் வக்கீலைக் கலந்து கொள்ள வேண்டும். ஆணையத்தின் கதவு அடைத்தாலும் சிவில் கோர்ட் இருக்கிறது. வண்டியைக் கடைப் பெயரில் வாங்கி, ஜி.எஸ்.டி. வரவு எடுத்து, தேய்மானமும் கழித்திருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைச் சுட்டிக் காட்டக் கூடும். வரியில் மிச்சமாகும் தொகை பெரிது என்பதால் அதை விடச் சொல்லவில்லை. தெரிந்து செய்யுங்கள் என்கிறேன்.

புகாரைப் பழுது தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கடிதம் எழுதிக் கொண்டிருப்பதால் அந்தக் கெடு நீளாது. வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். டீலர், கம்பெனி இருவரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பது அவசியம். தன் கவனத்துக்கு வராத டீலர் தவறுக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு கார் வழக்கில் சொல்லி விட்டது. நான் இரண்டு கடிதம் எழுதச் சொல்வதும் இதனால்தான்.

புது வண்டியே கிடைக்கும் என்று எண்ணிப் போனால் ஏமாற்றம் வரலாம். கிளட்ச் தகராறு பற்றிய ஒரு கார் வழக்கில் 2006-ல் சுப்ரீம் கோர்ட், வாரண்டிப்படி பழுதான பாகத்தைச் சரி செய்வதோ மாற்றுவதோதான் கம்பெனியின் கடமை என்று கூறி, வண்டியையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை நீக்கியது. முழு வண்டியோ முழு விலையோ கேட்பவர், தயாரிப்பிலேயே கோளாறு என்பதை நிபுணர் அறிக்கையால் காட்ட வேண்டியிருக்கும். பழுது பார்ப்பது, நின்ற நாட்களுக்கான வாடகை, அலைச்சலுக்கு நஷ்ட ஈடு, இவற்றைக் கேட்பது நடைமுறைக்கு ஒத்தது. வாடகை வண்டிக்குக் கொடுத்த பணத்துக்கு அன்றன்றே வவுச்சர் போட்டு வையுங்கள்.

வழக்குக்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். அவர்கள் கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்கிறார்கள். தமிழிலும் பேசலாம். போன் செய்யும்போது வண்டியின் சேஸிஸ் நம்பர், வாங்கிய பில், ஜாப் கார்டுகள் ஆகியவற்றைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். என்னுடையவை இப்போது கொள்முதல் பில் கட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தனிக் கட்டாக இருக்கின்றன.