வியன்னாவில் மொசார்ட்

திறமை உள்ளவர் எங்கு சென்றாலும் பிழைத்துக்கொள்வார் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு பெருநகரில் புதிதாகக் குடியேறும் இசைஞர், வாடகை கொடுத்து மூன்று வேளை உண்டு வாழத் திறமை மட்டும் போதுமா? உலகப் புகழ்பெற்ற மொசார்ட்டின் வாழ்க்கையில் இதற்கு விடை தேடிப் பார்ப்போம்.

1756ஆம் ஆண்டு சால்ஸ்பர்க் நகரில் பிறந்த மொசார்ட், ஆறு வயதிலேயே தம் அக்காள் நானர்லுடன் வியன்னா சென்று, பேரரசி மரியா தெரசாவின் முன்னிலையில் வாசித்தவர். வளர்ந்தபின் சால்ஸ்பர்க் பேராயரிடம் ஆண்டுக்கு 450 குல்டன் சம்பளத்தில் ஆர்கன் வாசிப்பவராக இருந்தார். அக்காலத்தில் அப்பேராயரே அந்நாட்டை ஆள்பவருமாவார். அவருடைய பரிவாரத்தில் ஒருவராக 1781 மார்ச்சில் மீண்டும் வியன்னா வந்தபோது, மொசார்ட்டுக்குப் பணியாட்களின் பந்தியில்தான் இடம் கிடைத்தது. சமையற்காரர்களுக்கு மேலே, அறைப் பணியாளர்களுக்குக் கீழே! மனம் பொறாமல் வேலையை விட முனைந்தார். ஜூன் மாதத்தில் பேராயரின் அதிகாரி ஒருவர் அவரைக் காலால் உதைத்தே வெளியேற்றினார். தந்தை லெயோபோல்டோ மகனைக் கண்டித்துக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கிடைத்த வேலையை உதறிய 25 வயதுப் பிள்ளையை எந்தத் தந்தைதான் பாராட்டுவார்?

அந்நகரில் மொசார்ட்டுக்கு முதலில் சோறு போட்டவர்கள் அவருடைய மாணவியரே. செல்வர் வீட்டுப் பெண்கள் பியானோ கற்பது அங்கு வழக்கம். அவர்களுள் ஜோசஃபா அவுர்ன்ஹாமர் என்பவர் 1781 நவம்பரிலேயே ஆசிரியருடன் சரிசமமாக அமர்ந்து, இரு பியானோக்களுக்கான உருப்படி ஒன்றை வாசித்தார். அவருடைய வாசிப்பை மெச்சிய மொசார்ட், அவருடைய தோற்றத்தை மட்டும் கடிதத்தில் ஏளனம் செய்திருக்கிறார். இதை அறிந்தபோது எங்களுக்கு மொசார்ட்டின் மேல் கோபமே வந்தது.

1782 ஜூலையில் அவருடைய ஜெர்மன் இசை நாடகம் ஒன்று அரங்கேறி வெற்றி பெற்றது. ஆயினும் பியானோ கலைஞராக அவரை நிலைநிறுத்தியது தவக்காலம் என்றால் நம்புவீர்களா? தவக்காலத்தில் நாம் கேளிக்கைகளைக் குறைத்துக்கொள்கிறோம். வியன்னாவிலும் அந்நாளில் அரசவை அரங்குகளில் நாடகம் நடைபெறாது. பிரபுக்களோ கோடையில்தான் தங்கள் கிராமத்து மாளிகைகளுக்குச் செல்வார்கள். தவக்காலத்தில் நகரிலேயே இருப்பார்கள். மாலைப் பொழுதை எப்படிப் போக்குவது? கச்சேரிக்குத்தான் வந்தார்கள்.

கச்சேரி வைக்க விரும்புபவர் முதலில் வீடு வீடாக ஒரு பட்டியலை அனுப்புவார். விருப்பமுள்ளோர் அதில் பெயர் எழுதிச் சந்தா செலுத்துவர். சேரும் பணத்திலிருந்துதான் வாத்தியக்காரர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். 1784 தவக்காலத்தில் மூன்று கச்சேரிகளுக்கு ஆறு குல்டன் என்று மொசார்ட் பட்டியல் அனுப்பினார். 174 பேர் சேர்ந்தார்கள்! அத்தனை பெயர்களையும் எழுதித் தந்தைக்கு அனுப்பினார் என்றால் அவருடைய பெருமிதத்தைப் பாருங்கள். அவர் குடியிருந்த கட்டடத்திலேயே கச்சேரி மண்டபமும் இருந்தது. அதன் உரிமையாளரின் மனைவியும் அவருடைய மாணவியே. கேட்டதையே மீண்டும் கேட்க மக்கள் வரமாட்டார்கள் என்பதால், பகலில் பாடம், மாலையில் கச்சேரி, இடையில் புது உருப்படிகள் இயற்றுதல் என்று ஓய்வின்றி உழைத்தார். வாத்தியக் குழுவுடன் சேர்ந்து பியானோ ஒலிக்கும் கன்செர்ட்டோக்கள் அவ்வாண்டில் மட்டும் ஆறு எழுதினார்.

1785இல் தந்தை வியன்னா வந்து தங்கினார். ஒரு மாதத்திற்குள் மகனுடைய பியானோ பன்னிரண்டு முறையாவது அரங்குகளுக்கும் பிறர் வீடுகளுக்கும் சுமந்து செல்லப்பட்டதாக நானர்லுக்கு எழுதினார். சிறு வயதில் தம்பிக்கு இணையாக ஐரோப்பாவை வியக்கவைத்த நானர்ல், அதற்கு முந்திய ஆண்டுதான் ஐந்து குழந்தைகளுள்ள ஒருவருக்கு இரண்டாந்தாரம்கூட அல்ல, மூன்றாந்தாரமாக வாழ்க்கைப்பட்டு, சாங்க்ட் கில்கன் என்னும் சிற்றூரில் இருந்தார். தம்பியைப் போல வேலையை உதறி, வியன்னாவில் அறை எடுத்துத் தங்க அவரை யார் விட்டிருப்பார்கள்?

1787 டிசம்பரில் பேரரசர் ஜோசப் 800 குல்டன் சம்பளத்தில் மொசார்ட்டை அரண்மனைப் பணியில் அமர்த்தினார். பெரும்பாலும் நடன விருந்துகளுக்கு இசை எழுதும் வேலை. மறு ஆண்டு துருக்கியருடன் போர் மூண்டது. பணமுடை எங்கும் பரவியது, கச்சேரிகள் குறைந்தன. 1789இல் மொசார்ட் மீண்டும் ஒரு பட்டியல் அனுப்பினார். இரண்டு வாரம் சுற்றி வந்த அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவருடைய நெடுநாள் ஆதரவாளரான வான் ஸ்வீட்டன் பிரபுவின் பெயர் அது.