பனியூர்தியின் ஒலியும் பழுதும்

புகையைக் கண்டு நெருப்புண்மை துணிதல் கருதலளவையின்பாற்படும் எனத் தருக்க நூலார் கூறுவர். ஒலியைக் கேட்டுப் பொறியின் பழுதைத் துணிதலும் அவ்வளவையே. இதனைப் பனிநாட்டுப் பொறியாகிய பனியூர்தியைக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்து வல்கூர் என்னும் ஊரினரான ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியர், 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனியால் வழிகள் அடைபட்டு மருத்துவமனை செல்ல இயலாமையால், தம் இளமகனை இழந்தார். பனிமேற் செல்லும் ஊர்தியை ஆக்குவதில் முன்னரே ஈடுபட்டிருந்த அவர், 1937இல் பற்சில்லும் பட்டையும் இயைந்த தம் அமைப்புக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1959இல் ஸ்கி-டூ என்னும் சிறிய பனியூர்தியை வெளியிட்டார்.

பெரும்பாலான பனியூர்திகளில் எஞ்சினின் ஆற்றல், கிளச் எனப்படும் முதற்கப்பி, பெல்ற் எனப்படும் றப்பர் வார், இரண்டாங்கப்பி, அது பூட்டிய குறுக்குத்தண்டு, எண்ணெயில் ஓடும் சங்கிலி, பற்சில்லுகளையுடைய செலுத்துதண்டு என்பவற்றின் வழியே தடப்பட்டையைச் சென்றடைகின்றது.

பிறழ்ந்த ஒலி எஞ்சினின் வேகத்தைத் தொடர்கின்றதா, தடப்பட்டையின் வேகத்தைத் தொடர்கின்றதா என்பதே முதல் வினா. ஊர்தி நிற்கையிலேயே ஒலி கேட்பின், குற்றம் எஞ்சினிலோ முதற்கப்பியிலோ உளதாகும். கப்பியின் சிறு சலசலப்பு இயல்பே. நாளடைவில் அது வலுப்பின் உள்ளுறுப்புத் தேய்ந்ததெனக் கொள்ளலாம். மென்சரிவில் எஞ்சினை நிறுத்தி உருளவிட்ட போதும் ஒலி நீடிப்பின், குற்றம் பின்னுள்ள உறுப்புகளிலாம்.

இனி, ஒலியின் வகை நோக்குவாம். ஒழுங்காகத் திரும்பத் திரும்பத் தட்டும் ஓசை, வாரின் ஒரு பகுதி சிதைந்தமையைக் காட்டலாம். வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் பெட்டியுள் எழும் கடகடப்பு, சங்கிலியின் தளர்ச்சிக்கு அறிகுறி. வேகத்தோடு வளரும் உறுமல் பெயரிங் தேய்வைச் சுட்டும். விரைந்து புறப்படுகையில் எழும் பலத்த அதிரொலி, பட்டை தளர்ந்து பற்கள் தாவுவதாலாகும். வெறும் பனிக்கட்டியில் எழும் கிறீச்சொலியோ, பட்டையைத் தாங்கும் சறுக்குப் பலகைகளுக்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தரும் தூள்பனி இன்மையால் வருவது. தூள்பனியில் அது நீங்கும். நீங்காது நீடிப்பின் பலகை உருகும்.

எனினும் கருதல் காட்சியால் உறுதிப்படல் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, வாரைக் கழற்றி, இரண்டாங்கப்பியைக் கையால் மெல்லச் சுழற்றின், பெயரிங்கின் கரடு விரலிற் புலப்படும். சங்கிலிப்பெட்டியின் எண்ணெயை வடித்து நோக்கின், மெல்லிய சாம்பனிறப் பசை வழக்கமான தேய்வு. உலோகத் துண்டுகளோ அபாயம். பின்புறத்தை உயர்த்திப் பட்டையைச் சுழலவிடுங்கால், கல்லும் பனிக்கட்டியும் எறியப்படுமாதலின், எவரும் பின்னே நிற்றலாகாது.

இவ்வாராய்ச்சி பொருட்செலவை மட்டும் நோக்கியதன்று. பல ஊர்திகளில் பிறேக்குத் தட்டு குறுக்குத்தண்டிலேயே பூட்டப்பட்டுள்ளது. ஆதலின் சங்கிலி அறுமாயின், ஓட்டத்தோடு பிறேக்கும் ஒருங்கே இழக்கப்படும். சரிவில் அஃது உயிர்க்கேடு. ஆளரவமற்ற உறைபனி வெளியில் ஊர்தி நின்றுவிடினும் அவ்வாறே. மகனைக் காக்க இயலாத தந்தை ஒருவர் பனிவழியைத் திறக்க ஆக்கிய ஊர்தி, அதன் முன்னறிவிப்பைச் செவிமடுப்போர்க்கே துணையாகும்.