பலியிடப்பட்ட ஆடும் அனுப்பப்பட்ட ஆடும்

பண்டைய இஸ்ரவேலர் தமது பாவத்தை ஓர் ஆட்டின் மீது சுமத்தி, தமக்குரிய தண்டனையை அதற்கு வழங்கிக் கொன்றனர்; அவ்வாறே மனிதருக்குரிய தண்டனை இயேசுவின் மீது சுமத்தப்பட்டது. பெரிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களில் நாம் அடிக்கடி கேட்கும் விளக்கம் இது. எளிமையானது, மனதில் பதியக்கூடியது. ஆயினும் லேவியராகமத்தை ஆறுதலாக வாசிப்போர் இதன் முற்பாதியை அங்கு காணமாட்டார்கள்.

பாவநிவாரண பலியை முதலில் நோக்குவோம். அதில் விலங்கு தண்டிக்கப்படுவதாக எங்கும் கூறப்படவில்லை. சாதாரண மக்களின் பலியில் ஆட்டைக் கொல்பவர் அதனைக் கொண்டுவந்தவரே. ஆசாரியரின் பணி அதன் பின்னரே ஆரம்பிக்கின்றது. அவர் இரத்தத்தைப் பலிபீடத்தின் கொம்புகளில் பூசுகின்றார். பாவம் செய்தவர் மீது ஒரு துளியேனும் தெளிப்பதில்லை. மனிதரின் பாவத்தால் மாசடைவது ஆலயமே என்றும், உயிர் உறைவதாகக் கருதப்பட்ட இரத்தம் அம்மாசைக் கழுவியது என்றும் யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் விளக்கினார். 1991 இல் வெளிவரத் தொடங்கிய அவரது லேவியராகம விரிவுரையை அனைவரும் ஏற்றனர் என்பதற்கில்லை. எனினும் அதனைத் தவிர்த்துவிட்டு இத்துறையில் எவரும் பேச முடியாது. மேலும், ஆட்டுக்கோ புறாவுக்கோ வழியற்ற ஏழை, ஓர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவைக் கொண்டுவந்தாலே போதும் என்கிறது 5 ஆம் அதிகாரம். மாவைத் தண்டிக்க இயலாது அல்லவா?

16 ஆம் அதிகாரம் விவரிக்கும் பாவநிவிர்த்தி நாளில் இரண்டு ஆட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப் போடப்படும். ஒன்று கொல்லப்பட்டு, அதன் இரத்தம் மகா பரிசுத்த ஸ்தலத்தில் உடன்படிக்கைப் பெட்டியின் மூடியான கிருபாசனத்தின் மீது தெளிக்கப்படும். மற்றையதன் தலையில் பிரதான ஆசாரியர் இரு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதனை உயிருடன் வனாந்தரத்துக்கு அனுப்புவார். தமிழ் வேதாகமம் இதனைப் 'போக்காடு' என்கிறது. ஆகவே, பாவத்தைச் சுமக்கும் ஆடு பலிபீடத்துக்குச் செல்வதில்லை; பலியாகும் ஆடு பாவத்தைச் சுமப்பதில்லை. போக்காட்டை மலையுச்சியிலிருந்து தள்ளும் வழக்கத்தை மிஷ்னா குறிப்பிடுகின்றதாயினும், அது லேவியராகமத்தின் கட்டளையன்று.

பஸ்கா ஆட்டின் கதையோ முற்றிலும் வேறானது. அது எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் விருந்து. யோவானின் சுவிசேஷமோ பஸ்கா ஆடுகள் அறுக்கப்படும் நாளிலேயே இயேசு சிலுவையில் அறையப்பட்டதாகக் கூறுவதுடன், உலகின் பாவத்தைப் போக்கும் ஆட்டுக்குட்டி என்றும் அவரை அழைக்கின்றது. எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம் பாவநிவிர்த்தி நாளை முன்னிறுத்தி, அவரைப் பலியாகவும் பிரதான ஆசாரியராகவும் ஒருங்கே காண்கின்றது. வெவ்வேறாக இருந்த சடங்குகள் இவ்வாறு ஒரே மனிதரில் ஒன்றுசேர்ந்தன.

இங்கே தமிழ் வாசகர் தவறவிடும் ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். ரோமர் 3:25 இல் 'கிருபாதாரபலி' என்றும், எபிரெயர் 9:5 இல் 'கிருபாசனம்' என்றும் நமது பழைய மொழிபெயர்ப்புத் தருவது கிரேக்கத்தில் 'ஹிலஸ்தேரியோன்' என்னும் ஒரே சொல்லாகும். பவுல் இயேசுவை வெட்டப்பட்ட பலியாக மட்டுமன்றி, இறைவன் மனிதரைச் சந்திக்கும் இடமாகவும் கண்டிருக்கலாம். அறிஞர்களிடையே இது இன்றும் விவாதத்துக்குரியதே.

தண்டனை என்னும் கருத்துக்கு வேர் இல்லாமலில்லை. ஏசாயா 53 ஆம் அதிகாரம் பிறருக்காகத் துன்புறும் ஊழியனைப் பேசுகின்றது. ஆனால் அதனை முழுமையான கோட்பாடாக்கியவர்கள் மிகப் பிந்தியவர்கள். 1098 அளவில் தமது நூலை முடித்த அன்செல்ம், பாவத்தை இறைவனின் மாண்புக்குச் செலுத்தவேண்டிய கடனாகக் கண்டார். 16 ஆம் நூற்றாண்டில் கல்வின் அதனை நீதிமன்றத் தீர்ப்பின் மொழிக்கு மாற்றினார். கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகளிலோ, மரணத்தை வென்ற வெற்றியே இன்றும் முதன்மை பெறுகின்றது.

பிற்காலக் கோட்பாட்டை லேவியராகமத்தின் மீது ஏற்றிவிட்டு, யூதரின் சமயம் இரத்தவெறி கொண்டது எனப் பேசுவதை நாம் நியாயமானதாகக் கருதவில்லை. பிறர் பொருளை அபகரித்தவர் அதனை ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே நூலின் கட்டளைதான். கி.பி. 70 இல் உரோமர் ஆலயத்தை அழித்த பின்னர் பலிகள் நின்றுபோயின; உபவாசமும் மன்றாட்டும் மனந்திரும்புதலும் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஆயினும் அயலவருக்கு இழைத்த தீங்கை, அந்த அயலவரைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவிர்த்தி நாளும் போக்காது என்று மிஷ்னா விதித்தது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனுடன் ஒப்புரவாகும்படி மலைப்பிரசங்கத்தில் இயேசு கூறியதும் இதனையே.