பான்சோரி: ஏடும் சட்டமும் காத்த கதைப்பாட்டு

கொரிய நாட்டின் தென்மேற்கே ஜொல்லா என்னும் நிலப்பகுதி உள்ளது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் அப்பகுதியில் உருப்பெற்றுப் பரவிய கதைப்பாட்டுக் கலை பான்சோரி எனப்படும். 'பான்' என்பது மக்கள் கூடும் களம். 'சோரி' என்பது ஒலி, பாட்டு என்னும் பொருள்களைத் தரும். ஆதலின் இதனைக் களப்பாட்டு என்று தமிழாக்கலாம். வாய்மொழியாய் வளர்ந்த இக்கலையைக் காத்தற்கு முதலில் ஏடும் பின்னர்ச் சட்டமும் துணைநின்றன. அவை காத்தன யாவை, காக்க இயலாதன யாவை என ஆராய்தல் வாய்மொழி இலக்கியம் பயில்வார்க்குப் பயன் தருவதாகும்.

பாடுநர் ஒருவர், முழவர் ஒருவர் ஆகிய இருவரே இக்கலையை நிகழ்த்துவர். பாடுநர் கையில் விசிறியுடன் நிற்பார். முழவர் 'புக்' என்னும் முழவுடன் அமர்ந்திருப்பார். இசைப்பகுதி 'சாங்' எனவும், இடையே வரும் உரைப்பகுதி 'அனிரி' எனவும், கதைக்கேற்ற மெய்யசைவு 'பல்லிம்' எனவும் பெயர் பெறும். மிகத் தாழ்ந்த நடையாகிய ஜின்யாங்ஜோ முதல் மிக விரைந்த ஹ்விமோரி ஈறாகத் தாள நடைகள் பல உள்ளன. முழவரும் அவையோரும் உரிய இடமறிந்து எழுப்பும் ஊக்கவொலி 'சுயிம்சே' எனப்படும். அவையோர் வாளா கேட்பவராகாது நிகழ்ச்சியின் ஓர் உறுப்பாதற்கு இதுவே சான்று. முழவரை முதலிலும் பாடுநரை அடுத்தும் வைத்துப் போற்றும் பழமொழி ஒன்றும் கொரியரிடையே உண்டு.

இக்கலையின் பாடம் ஆசிரியர் ஒருவரால் இயற்றப்பட்டதன்று. தலைமுறைதோறும் சேர்ந்து வளர்ந்தது. எனினும் தனியொருவர் ஆக்கம் அதனுள் மறைந்துவிடவில்லை. ஒரு பாடுநர் புதிதாய்ப் படைத்த அல்லது சிறப்புற வளர்த்த பகுதி 'தொனும்' என அவர் பெயரோடு வழங்கும். ஹுங்புகா என்னும் கதையில், பேராசை கொண்ட அண்ணன் நோல்பு தூக்கணங்குருவியன்ன சிறு புள்ளாகிய தகைவிலானைத் துரத்திப் பிடிக்கச் செல்லும் பகுதி, க்வோன் சாம் தூக் (1771–1841) என்பாரின் தொனும் எனப் போற்றப்படுகின்றது. பெற்றதைப் பேணலும் புதியது சேர்த்தலும் இம்மரபில் ஒருங்கே இயங்கின என்பது இதனாற் புலனாம்.

1843-இல் சோங் மான் ஜே எழுதிய சீனமொழிச் செய்யுட்டொகுதி பன்னிரண்டு கதைகளைக் குறிக்கின்றது. அவற்றுள் ஐந்தே இன்று இடையறவின்றிப் பாடப்படுகின்றன. சுன்ஹியாங்கா கற்பையும், சிம்சொங்கா தந்தைபாற் கொண்ட அன்பையும், ஹுங்புகா உடன்பிறந்தார் அன்பையும், சுகுங்கா அரசன்பாற் கொண்ட பற்றையும் பொருளாக உடையன. ஜொக்பியொக்கா சீனத்து மூவரசுக் கதையினின்று பிறந்தது. உயர்குடியினர் பான்சோரியை விரும்பிப் புரந்த காலத்து, அவர்தம் கன்பூசிய அறநெறிக்கு இயைந்தவை நிலைபெற, நகையும் இழிவழக்கும் மிக்கவை பல வழக்கிறந்தன என்பர் ஆராய்ச்சியாளர்.

அந்நூற்றாண்டிலேயே கோசாங் ஊரினராகிய சின் ஜே ஹியோ (1812–1884) ஆறு கதைகளின் பாடத்தைத் திருத்தி எழுதி வைத்தார். பாடுநர் பலரைப் புரந்தவரும், பெண்பாலாருள் முதன்முதற் புகழெய்திய ஜின் சே சொன் என்பாரைப் பயிற்றுவித்தவரும் அவரே. அவ்வாறனுள் ஐந்து, மேற்கூறிய கதைகள், ஆறாவது பியொன்காங்சேகா. இவ்வாறாவதன் வரலாறு கருதற்பாலது. அதன் சொற்கள் ஏட்டில் நின்றன. இசையோ பாடுவாரின்றி அற்றது. 20-ஆம் நூற்றாண்டில் பாக் டோங் ஜின் அச்சொற்களுக்குப் புதிதாக இசை வகுத்தே பாடவேண்டியதாயிற்று. மற்றை ஐந்தும் பிழைத்தமைக்கு ஆசிரியர் வாயினின்று மாணவர் செவிக்கு வந்த தொடர்ச்சியே காரணம். ஏடு மட்டும் காரணமாயின் ஆறாவதும் பிழைத்திருத்தல் வேண்டும்.

1910 முதல் 1945 வரை நிகழ்ந்த சப்பானிய ஆட்சியும், பின்வந்த போரும், மாறிய சுவையும் இக்கலையை நலிவித்தன. தென்கொரிய அரசு 1962-இல் பண்பாட்டுச் செல்வக் காப்புச் சட்டம் இயற்றி, 1964-இல் பான்சோரியை அச்சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. வல்லுநர்க்கு உதவித்தொகையும், மாணவர்க்குக் கற்பிக்கும் கடமையும் வகுக்கப்பெற்றன. 1968-இல் பாக் டோங் ஜின் ஹுங்புகா முழுவதையும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பாடினார்; பகுதி பகுதியாகக் கேட்டுப் பழகிய அவைக்கு முழுக்கதையைக் கேட்கும் வழக்கம் அதன்பின் வளர்ந்தது. 2003-இல் யுனெஸ்கோவும் இக்கலையைச் சிறப்பித்தது.

ஆயினும் சட்டம் ஓர் இடர்ப்பாட்டையும் உடன்கொணர்ந்தது. மூலவடிவம் மாறாது காத்தல் அதன் கொள்கையாயிற்று. ஆசிரியர் பாடியவாறே அணுவும் பிறழாது பாடுவதைப் 'புகைப்படப் பாட்டு' எனப் பழித்த மரபு பான்சோரி மரபு. பழித்ததையே சட்டம் வேண்டுமாயின், புதிய தொனும் பிறத்தற்கு இடம் யாது? இவ்வினாவைக் கொரிய அறிஞர் பல்லாண்டு வாதித்தனர். 2015-இல் இயற்றப்பெற்று 2016-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், 'மூலவடிவம்' என்னும் சொல்லை விடுத்து, கலையின் தனித்தன்மையைக் குறிக்கும் 'மரபுவடிவம்' என்னும் கருத்தை மேற்கொண்டது. தன்மை கெடாத மாற்றத்திற்கு இஃது இடந்தருகின்றது.

ஏடு சொல்லைக் காத்தது. சட்டம் பாடுவாரைக் காத்தது. பாட்டைக் காத்தது, கற்றதனொடு தன் பங்கும் சேர்க்கும் உரிமையைப் பாடுநர்க்கு வழங்கிய மரபேயாம். வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்துப் பதிப்பிப்போர் சொற்களோடு அமையாது, பாடுவார்தம் பெயரையும், அவர் கற்ற வழியையும், புதிதாய்ச் சேர்த்ததையும் உடன் பதிதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு வலியுறுத்துகின்றது.