முப்பது நாள் அவகாசம்

ஆந்திரத்தில் மாவட்டங்களைப் பிரிக்கவும் எல்லைகளை மாற்றவும் மாநில அரசுக்கு அதிகாரம் தருவது 1974-ஆம் ஆண்டு மாவட்டங்கள் அமைப்புச் சட்டம். அதன் 3-ஆவது பிரிவு ஒரு கடிவாளமும் போடுகிறது. முதலில் வரைவு அறிவிக்கை வெளியிட வேண்டும். அங்கே குடியிருப்போரின் ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் பரிசீலித்த பிறகே இறுதி ஆணை பிறப்பிக்க வேண்டும்.

2022 ஜனவரி இறுதியில், 13 மாவட்டங்களை 26 ஆக்கும் வரைவு வந்தது. கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம். 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம் சித்தூர், திருப்பதி, அன்னமய்யா என மூன்றுக்கும் பங்குபோனது. வரைவில் 'ஸ்ரீ பாலாஜி' என்றிருந்த மாவட்டம், ஏப்ரல் 4-இல் 'திருப்பதி' என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. ஒரே சட்டமன்றத் தொகுதிக்குள் நகரி சித்தூரோடு நிற்க, புத்தூரும் வடமாலப்பேட்டையும் திருப்பதியோடு சேர்ந்தன. 1960-இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தபோது ஆந்திரத்துக்குப் போன சத்தியவேடும் இப்போது திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ராஜம்பேட்டை மக்கள் எவ்வளவோ போராடியும் அன்னமய்யாவின் தலைமையிடம் அன்று ராயசோட்டிக்கே போனது.

இப்படி ஏமாற்றம் அடைந்தவர்கள் நீதிமன்றம் போனால் என்ன கிடைக்கும்? இதே ஆந்திரத்தில் முன்பே பதில் எழுதப்பட்டுவிட்டது. 1985-இல் என்.டி.ராமராவ் அரசு தாலுகாக்களை உடைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களை அமைத்தது. தலைமையிடம் தங்கள் ஊருக்குக் கிடைக்காத பலர் ரிட் மனு போட்டார்கள். அரசு தானே வகுத்த வழிகாட்டு நெறிகளை மீறிவிட்டது என்பது அவர்கள் வாதம். ஜே.ஆர்.ரகுபதி வழக்கில் 1988-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த நெறிகள் அலுவலக அறிவுரைகளே, அவற்றைக் காட்டி யாரும் உரிமை கோர முடியாது, தலைமையிடம் எது என்பது அரசின் முடிவு என்றது.

மறு ஆண்டே, மகாராஷ்டிரத்தின் கல்யாண் மாநகராட்சி வழக்கிலும், எல்லை வகுப்பது சட்டமியற்றுவதற்கு ஒப்பான வேலை, சட்டம் சொன்னதற்கு மேல் மக்களை நேரில் அழைத்து விசாரிக்கும் கடமை அரசுக்கு இல்லை என்று தீர்ப்பானது.

ஆக, வரைவே வெளியிடாமல் எல்லையை மாற்றினாலோ, வந்த ஆட்சேபணைகளைப் பார்க்காமலே ஒதுக்கினாலோ வழக்குக்கு வலு உண்டு. 'எங்கள் ஊருக்கு இது தூரம்' என்பது மட்டுமே குறை என்றால் அநேகமாக நிற்காது. தூரம், பேருந்து வசதி, வழக்கமாகப் போகும் சந்தை, மருத்துவமனை ஆகியவற்றைச் சொல்ல வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம். அதை அந்த முப்பது நாளுக்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.